பத்து டபிள்யூ முப்பது, எம்.ஏ.

எண்ணெயைப் பற்றி டெய்லரம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பவள். எந்தத் துளைக்கு ரெண்டு சொட்டு, எந்தத் துளைக்கு மூணு சொட்டு என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். அவள் கணக்கில் உலகத்து எண்ணெய் மொத்தம் இரண்டே வகை. வழுக்குகிற எண்ணெய் நல்ல எண்ணெய், வழுக்காத எண்ணெய் கெட்ட எண்ணெய். இதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பாள். இந்த ஒரு நம்பிக்கைதான் சனிக்கிழமை காலையில் அவள் மானத்தையே வாங்கப் பார்த்தது.

மருமகளை வீட்டிலும் தெருவிலும் எம்.ஏ. என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் படித்து, காஜா எடுத்துக்கொண்டே பரீட்சைக்கு உருப்போட்டு, சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கியவள். சர்ட்டிபிகேட் வந்த நாளில் மாமியார் பெருமை தாங்காமல், "எங்க வீட்டு எம்.ஏ. எங்கே, சாப்பிட்டாளா?" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பால்காரர், போஸ்ட்மேன், எதிர்வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் எம்.ஏ.தான். கூப்பிட ஆள் இருந்ததே தவிர, கூப்பிட்டு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஐந்து வருஷம் மனு போட்டுக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் ரத்த வங்கி வேலை வந்தது. மலை மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அடிவாரத்திலிருந்து ரத்தப் பைகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொந்த வண்டி வேண்டும். பதினேழு வளைவு. இருபது கிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிஷத்துக்குள் மேலே போய்ச் சேருகிறவருக்கு வேலை. வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எம்.ஏ.வுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது. இதை விட்டால் அப்புறம் எதுவுமே இல்லை.

முதலில் டெய்லரம்மா ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. "பொம்பளப் புள்ள, அந்த மலையில, அந்தச் சனியன் மேலயா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!" என்று குதித்தாள். பழைய வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திய நாளிலிருந்து இரண்டு மாதம் அதற்குச் 'சனியன்' என்பதுதான் பெயர். அதன்மேல் ஒருநாள்கூட ஏறி உட்கார்ந்ததில்லை. கடைத்தெருவுக்கு ஒன்றரை மைல் நடந்தே போய் வருவாள்.

பிறகு ஒரு நாள் கடைக்கு ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி, "நீ என்னம்மா பண்ற?" என்று எம்.ஏ.விடம் கேட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து நூற்றிருபது காஜா எடுத்து முடித்திருந்த மருமகள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சும்மாதான் இருக்கேன்" என்றாள். டெய்லரம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வந்தவள் போன பிறகு கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். "போய் அந்தச் சனியனை எடுத்து ஓட்டிப் பழகுடி. நூத்தியிருபது காஜா எடுத்துட்டு சும்மா இருக்கேங்கிறா, எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றாள். அன்றைக்குத்தான் வழி பிறந்தது.

சோதனை சனிக்கிழமை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்க்கடை மெக்கானிக், தெருவுக்கெல்லாம் 'ஸ்பேனர்', வண்டியின் செயினை இறுக்கி, பிரேக்கைப் பார்த்து, துடைத்து நிறுத்திவிட்டுத் தையல் கடைப் படியேறி வந்தான். கையில் ஒரு சீட்டு.

"டெய்லரம்மா, எம்.ஏ. எங்கே?"

"ரத்த வங்கிக்குப் போயிருக்கா, வரிசை நம்பர் வாங்க. ஏன்டா?"

"வண்டி ரெடி. ஆயில் மட்டும்தான் மாத்தணும். எனக்கு ரெண்டு மணிக்கு பஸ், சாமான் வாங்கப் போறேன், நாளைக்கழிச்சுதான் வருவேன். ஒரு லிட்டர் வாங்கி வைங்க, அவளே மாத்திக்குவா. சீட்டுல எழுதியிருக்கேன். அதேதான் வாங்கணும், மாத்திக்கீத்தி வாங்கிடாதீங்க."

"அடேய், முப்பத்திரண்டு வருஷமா எண்ணெ விடறவகிட்டயா சொல்ற?"

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

சீட்டில் மேலே 10W-30 என்று இருந்தது. அதற்குக் கீழே MA என்று இருந்தது. அவ்வளவுதான்.

டெய்லரம்மா கடையில் துணி வெட்டினால் அதில் ஒரு சீட்டுக் குத்தாமல் வைக்க மாட்டாள். அளவு மேலே, ஆள் கீழே. முப்பத்தாறு, கீழே 'டீச்சர்'. நாற்பத்திரண்டு, கீழே 'போஸ்ட்மேன்'. இந்தச் சீட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள். அளவு பத்து டபிள்யூ முப்பது, ஆள் நம்ம எம்.ஏ. "பரவால்லியே, ஸ்பேனருக்குக்கூட ஒழுங்கா சீட்டெழுத வந்துருச்சு!" என்று மெச்சிக்கொண்டு, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆயில் கடையில் அதை எடுக்கவே இல்லை. யாருக்குத் தைக்கிறோம் என்பதைத் துணிக்கடைக்காரனிடம் யாராவது சொல்வார்களா?

"பத்து டபிள்யூ முப்பதுல ஒரு லிட்டர் குடுங்க."

"எதுக்கும்மா?" என்றார் ஆயில் கடைக்காரர்.

"எதுக்குன்னா? வண்டிக்குத்தான்!"

"வண்டிக்குத்தான், சரி. சாதாரணம் இருக்கு, உசத்தி இருக்கு."

"உள்ளதுலயே உசத்தியா எடுங்க. மலை ஏறணும். நல்லா வழுக்குமா?"

கடைக்காரர் தங்க நிற பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்து முன்னால் வைத்தார். "இதைவிட வழுக்குற ஆயில் இன்னும் பொறக்கலம்மா. இன்ஜின் பூ மாதிரி ஓடும். பெட்ரோலும் மிச்சம்."

மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள் டெய்லரம்மா. அப்பா! என்ன வழுக்கல்! வெயிலில் நடந்து வந்ததே தெரியவில்லை. பாட்டிலைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

சாயங்காலம் மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்துதான் மாற்றினார்கள். எம்.ஏ. தரையில் சாக்கு விரித்துப் படுத்து, வண்டியடியில் போல்ட்டைக் கழற்றினாள். பழைய எண்ணெய் கரிக்குழம்பாக பேசினில் இறங்கியது. போல்ட்டை இறுக்கிக்கொண்டே, "நம்பர் என்ன அத்தே?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"பத்து டபிள்யூ முப்பது. இந்தா பாத்துக்கோ."

எம்.ஏ. தலையை மட்டும் நீட்டி, பாட்டிலின் நெற்றியில் இருந்த பெரிய எழுத்தைப் பார்த்தாள். "சரியா இருக்கு, ஊத்துங்க." டெய்லரம்மா புனலை வைத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். வண்டியை ஸ்டார்ட் செய்தால் கிண்கிணென்று அவ்வளவு அழகாக ஓடியது. தெருமுனை வரைக்கும் போய்வந்தாள். சமதரை. ஒரு குறையும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. ரொட்டிக் கடையில் இரவு வேலை பார்க்கும் மகன் அப்போதுதான் வந்திருந்தான், புருவத்தில் மாவோடு, கையில் சூடான ரொட்டியோடு. டெய்லரம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் மணல் மூட்டையை வைத்துக் கட்டி, கடைசியாக ஒருமுறை ஓட்டிப்பார்க்கத் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போயிருந்தாள் எம்.ஏ. அந்த மேடு மலை வளைவுக்குக் குறைந்ததில்லை, நெட்டுக்குத்தாக நிற்கும்.

வண்டிச் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. டெய்லரம்மா டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் தூரம் போகவில்லை. மேலும் ஏறுகிறது, அலறுகிறது, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"அடப்பாவி, சத்தம்தான் ஏறுது, வண்டி ஏறலயே!" என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். பின்னாலேயே மகனும் ஓடினான்.

பாதி மேட்டில் எம்.ஏ. வண்டியைப் பிரேக்கில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "முறுக்கினா இன்ஜின் மட்டும் கத்துது. சக்கரத்துக்கு இழுப்பே வரல. முதல் கியர்லகூட ஏற மாட்டேங்குது" என்றாள்.

"கிளட்ச் போச்சு" என்றான் மகன். "பிளேட்டே போயிருக்கும். ஸ்பேனரும் இல்ல. பத்து மணிக்குள்ள என்ன பண்றது?"

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். "சக்கரம் சுத்துது, ஊசி இறங்கல. இது பெல்ட்ல எண்ணெ பட்டா வர்ற நோவு. மெஷின் பெல்ட்ல ஒரு சொட்டுப் பட்டாப் போதும், மிதிச்சு மிதிச்சுக் கால்தான் ஓயும், தையல் ஓடாது..." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு வாய் தானாக மூடிக்கொண்டது.

வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மகன் நேரே போய் மூலையில் கிடந்த தங்க நிறப் பாட்டிலை எடுத்தான். திருப்பினான்.

"அம்மா, இதுல கார் படம் போட்டிருக்கு."

"போட்டிருந்தா? அது அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன். பிஸ்கட் பாக்கெட்டுல மாடு போட்டிருக்கான், உள்ள மாடா இருக்கு?"

வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். மகன் சிரிக்கவில்லை. இரவெல்லாம் அடுப்படியில் நின்றவன், கண் சிவந்திருந்தது. "உனக்கு இந்த வேலை பிடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல. அதுக்காக இப்படியா? கடைசி நாள் பாத்தா?"

டெய்லரம்மாவுக்குக் காது அடைத்துவிட்டது. பதிலுக்குப் பதில் சொல்வதில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அவளுக்கே வார்த்தை வரவில்லை. மருமகளைப் பார்த்தாள். எம்.ஏ. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதிலேயே இருந்தாள். மகன் சொன்னதைவிட அந்த மௌனம்தான் அதிகமாகச் சுட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நேரம் போகும் என்று அடக்கிக்கொண்டாள்.

"போனை எடுடா" என்றாள். "ஸ்பேனருக்குப் போடு. சத்தமா வை."

நான்கு தடவை அடித்த பிறகுதான் ஸ்பேனர் எடுத்தான். டெய்லரம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"நீ எழுதினதுதான்டா. பத்து டபிள்யூ முப்பது."

"அதுக்குக் கீழே ஒண்ணு எழுதியிருந்தேனே?"

"ஆமா, எம்.ஏ.ன்னு. எங்க மருமக பேரு."

ஸ்பேனர் மெதுவாக, "டெய்லரம்மா, அது யாரு பேருன்னு சொன்னீங்க?" என்று கேட்டான்.

"எங்க எம்.ஏ. பேருடா! யாருக்கு வாங்கணும்னு கீழே ஆள் பேரு எழுதியிருந்தியே!"

"ஐயோ டெய்லரம்மா! அது ஆள் பேரு இல்ல! ஆயில் பேரு! எம்.ஏ.ன்னா அந்த எண்ணெயோட ஜாதி!" என்று அந்தப் பக்கம் கத்தினான் ஸ்பேனர். கத்தல் சிரிப்பாகிவிட்டது. சிரிப்பு இருமலாகிவிட்டது.

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த எம்.ஏ.வின் கை நின்றது. மாமியார் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். எம்.ஏ. வாங்கிப் பார்த்தாள். கடையில் தொங்கும் நூற்றுக்கணக்கான சீட்டுகளைப்போலவே இருந்தது அது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனாலும் தோள் குலுங்கியது.

"எண்ணெய்க்கெல்லாம் டிகிரி குடுத்தா மனுஷி என்னடா பண்ணுவா?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள் டெய்லரம்மா. "சிரிச்சது போதும். இப்ப வழியைச் சொல்லு!"

ஸ்பேனர் மளமளவென்று சொன்னான். "கார்ல கிளட்ச் தனியாக் காஞ்சு கிடக்கும். பைக்ல இன்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே எண்ணெயிலதான் குளிக்கும். இன்ஜினுக்கு வழுக்கணும், கிளட்சுக்குப் பிடிக்கணும். ரெண்டையும் செய்யிறதுதான் எம்.ஏ. போட்ட ஆயில். நீங்க ஊத்தினது வழுக்கறதைத் தவிர வேற எதுவும் தெரியாத ஆயில்."

"அதாவது பெல்ட்டுக்கு எண்ணெ போட்டுட்டேன்."

"கரெக்ட்! கேளுங்க. சூடா இருக்கும்போதே அதைக் கொட்டணும். எம்.ஏ. ஆயில் ஊத்தி, கியரை மாத்தி மாத்திப் பத்து நிமிஷம் ஓட்டுங்க, தட்டு எல்லாம் கழுவிடும். அதையும் கொட்டிட்டு, புதுசா இன்னொரு பாட்டில். ஒரே ஒரு தடவைதான மேட்டுல முறுக்கினா? அப்ப பிளேட் கருகியிருக்காது. பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்குமா, பிடிச்சாலும் பிடிக்குமா?"

"...பிடிக்கணும்" என்றான் ஸ்பேனர்.

மணி ஏழு பத்து. ஆயில் கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும். கடைக்காரர் குடியிருப்பது கடை மாடியில். டெய்லரம்மா ஒன்றரை மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, மூடியிருந்த ஷட்டரை உள்ளங்கையால் அறைந்தாள். அறைந்த அறையில் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மாடியிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார் கடைக்காரர்.

"கார் ஆயிலைக் குடுத்து எங்க குடியைக் கெடுத்தீங்களே!"

"நீங்க வண்டின்னுதானம்மா கேட்டீங்க? பைக்குன்னு சொன்னீங்களா?"

"பைக் வண்டி இல்லாம மாடா? இறங்கி வாங்க!"

வாயில் நுரையோடு இறங்கி வந்தார். அவருக்கும் மனசு சங்கடமாகிவிட்டது. ஷட்டரைத் தூக்கி, பைக் படம் போட்ட பாட்டிலை எடுத்து, பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் இருந்த எழுத்தைக் காட்டினார். பத்து டபிள்யூ முப்பது. அதன் கீழே எம்.ஏ.

"இவ்ளோ சின்னதா எழுதினா எவன் கண்ணுல படும்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தாலும் தெரியாது. அது என்ன பக்கத்து பாட்டில்ல, எம்.பி.?"

"அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும்மா. அதுவும் வழுக்கும்."

"வழுக்கற பேச்சே எங்கிட்ட எடுக்காதீங்க. எம்.ஏ.ல ரெண்டு."

திரும்பி வந்தபோது வேலை பாதி நடந்திருந்தது. மகன் சாக்கில் படுத்து, இன்ஜினை மறுபடி ஓடவிட்டுச் சூடேற்றிய எண்ணெயை பேசினில் இறக்கிக்கொண்டிருந்தான். அவசரத்தில் போல்ட்டைப் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டு, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சீட்டு விவகாரம் தெரிந்த வெட்கம். அவள் பாட்டிலை நீட்டினாள், வாங்கி ஊற்றினான். எம்.ஏ. தெருவில் முன்னும் பின்னுமாக, கியரை மாற்றி மாற்றிப் பத்து நிமிஷம் ஓட்டினாள். எதிர்வீட்டில் ஒருத்தி, "என்ன எம்.ஏ., தெருவைத் தேய்க்கிறியா?" என்றாள். திரும்பி வந்ததும் கொட்டினார்கள். பொன்னாக ஊற்றியது கலங்கி வந்தது. போல்ட்டைத் துடைத்து மாட்டி, இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினார்கள். மணி எட்டு ஐம்பது.

"இப்போ மேட்டுல ஏத்திப் பாக்கணும்" என்றாள் எம்.ஏ. "வெறும் வண்டியா ஏத்திப் புண்ணியமில்ல. மணல் மூட்டையும் பத்தாது, ஆள் பாரம் வேணும்."

மகன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "நான் ஏறிக்கிறேன்."

"நீங்க வேணாம்" என்றாள் எம்.ஏ. "அத்தே, நீங்க ஏறுங்க."

டெய்லரம்மா ஆடிப்போனாள். சனியன் என்று இரண்டு மாதம் திட்டியது, ஒன்றரை மைல் நடந்தது எல்லாம் ஒரே நொடியில் மனசுக்குள் வந்துபோயிற்று. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மருமகளின் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பிக் காற்று முகத்தில் அடித்தது. காதோடு வாயை வைத்து, "இங்க பாருடி, நான் வேணும்னு செய்யல" என்றாள்.

"தெரியும் அத்தே."

"இரு, முழுசாக் கேளு. வேணும்னு செய்யல. ஆனா முந்தாநாள் ஒரு நிமிஷம், இந்த வேலை கிடைக்காமப் போனா நல்லாருக்கும்னு நெனச்சேன். அந்தப் பதினேழு வளைவை நெனச்சாலே எனக்குக் குலை நடுங்குது. ஒரே ஒரு நிமிஷம்தான் நெனச்சேன். அதான் அவன் சொன்னப்போ வாயடைச்சுப் போச்சு."

மேடு எதிரே வந்துகொண்டிருந்தது. எம்.ஏ. கியரைக் குறைத்தாள்.

"நானும் நெனச்சேன் அத்தே" என்றாள். "ஒரு நிமிஷம் இல்ல, ராத்திரி பூரா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வண்டி ஏறலன்னதும் ஒரு நொடி அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வெட்கத்துலதான் உங்க முகத்தைப் பாக்க முடியல."

"அடிப் பாவி!" என்றாள் டெய்லரம்மா. அவ்வளவு பாசமாக அந்த வார்த்தையை அவள் யாரையும் சொன்னதில்லை. "அப்போ திரும்பிடலாமா?"

"நீங்க சொல்லுங்க."

"முறுக்குடி!"

எம்.ஏ. முறுக்கினாள். முதலில் இன்ஜின் கத்தியது, வண்டி தயங்கியது. பத்தடி அப்படியே தவழ்ந்தது. பிறகு அடியில் எதுவோ கப்பென்று கவ்வியது. அந்தக் கவ்வல் அவள் முதுகுத்தண்டில் ஏறியது, பின்னால் சாயப் போனவள் மருமகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சத்தமும் சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வீடுகள் சரசரவென்று பின்னால் போயின.

"பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சுடி! விடாதே, ஏத்து, ஏத்து!" என்று தெருவெல்லாம் கேட்கக் கூவினாள் டெய்லரம்மா. தண்ணீர்த்தொட்டிக்கு வந்து நின்றபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் கண்ணில் தண்ணீர் வந்தது காற்றினால், யார் கண்ணில் வந்தது அழுகையால் என்று அவர்களுக்கே தெரியாது.

"மாமியார் ஒடைச்சா மண்குடம்பாங்க" என்று கண்ணைத் துடைத்தாள். "நான் ஒடைச்சது பொன்குடமாயிடப் பாத்துச்சே! இன்னொரு தடவை ஏத்திக் காட்டு."

மூன்று தடவை ஏற்றினார்கள். மூன்று தடவையும் பிடித்தது. அப்படியே ரத்த வங்கி வாசலுக்குப் போய் இறங்கினார்கள். மகன் மணல் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேர் ஆண்கள், ஒவ்வொருவர் வண்டியும் எம்.ஏ. வண்டியைவிடப் புதுசு. மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா, நிஜப் பெட்டியில் இருபது கிலோ பனிக்கட்டியை நிறுத்துக் கட்டச் சொன்னாள். மேலே ஆஸ்பத்திரியில் இன்னொருவர் கடிகாரத்தோடு நிற்கிறார் என்றாள். எம்.ஏ. நாலாவது. பத்து இருபதுக்குக் கொடி அசைந்தது.

டெய்லரம்மா ரொட்டியைத் தொடவில்லை. சாலையோரத்தில் போய்த் தனியாக நின்று, காதைத் தீட்டிக்கொண்டாள். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே துணி கனமா மெல்லிசா என்று சொல்கிறவள் அவள். முதல் வளைவில் சத்தம் கனத்தது, பிடித்தது. மூன்றாவது வளைவில் கியர் இறங்கி ஏறியது. ஐந்தாவது வரைக்கும் கேட்டது. பிறகு மலை மறைத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டெய்லரம்மா விரலை மடக்கி எண்ணினாள். மகன் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, காலையில நான்..." என்று ஆரம்பித்தான்.

"இப்போ பேசாதே. அவ எட்டாவது வளைவுல இருப்பா" என்றாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு மகனின் போன் அடித்தது. அவன் சட்டைப்பையிலிருந்து எடுப்பதற்குள் டெய்லரம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தே! முப்பத்தெட்டு நிமிஷம்! முப்பத்தெட்டு! எனக்கு முன்னாடி போனவங்க யாரும் நாப்பதுக்குள்ள வரலயாம்! வண்டி எங்கேயும் வழுக்கல அத்தே!"

டெய்லரம்மா போனை வைத்துக்கொண்டு சாலை நடுவில் நின்று, "முப்பத்தெட்டு!" என்று கத்தினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனிடமும் "முப்பத்தெட்டுய்யா!" என்றாள். மகன் அவளை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தான். இழுத்தவன் விடாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

மீதி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்கு நாற்பத்தொன்று, ஒருவருக்கு நாற்பத்தாறு. மேலேயிருந்து தகவல் வந்ததும் அதிகாரியம்மா ஒரு தாளை எடுத்து, எழுதி, சரிபார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.

"வேலை அவங்களுக்குத்தான். ஒரு கையெழுத்து மட்டும் வேணும். இது ரத்தம் போற வண்டி, வழியில நிக்கக் கூடாது. வண்டிக்கு எண்ணெய் மாத்தி, பிரேக் பாத்து, ஒழுங்கா வெச்சுக்கிறதுக்கு வீட்டுல ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். யாரை நம்பி வண்டியை விடலாமோ, அவங்கதான் போடணும். யார் போடறீங்க?"

"நான் போடறேன் மேடம்" என்று மகன் பேனாவை எடுத்தான்.

முடிவு கேட்க எம்.ஏ. மறுபடி கூப்பிட்டிருந்தாள். போன் டெய்லரம்மா கையில் சத்தமாகவே இருந்தது. மேலே காற்று வீசுகிற சத்தத்தோடு எம்.ஏ.வின் குரல் வந்தது.

"அவர் வேணாம் மேடம். எங்க அத்தை போடட்டும்."

அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கை முழுக்க எண்ணெய்க் கறையோடு, முந்தானை இடுப்பில் செருகியபடி நின்றிருந்தவளைப் பார்த்து, "இவங்களா?" என்றாள். "இவங்களுக்கு வண்டியைப் பத்தித் தெரியுமா?"

டெய்லரம்மா போன் இல்லாத கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அவங்களை விட்டா வேற யாருக்கும் தெரியாது மேடம்" என்றது போன்.

டெய்லரம்மா கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். மகன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

"தள்ளுடா அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து கையெழுத்துப் போட்டாள்.